நான்கு சட்டை

கோடுகள் டோருனிலிருந்து வரும்,
இரவு பதினொன்றுக்கு மேல்.
இரெனேயுஷ் பகலில் வரைவதில்லை.
பதின்மூன்று வாத்துகள், எல்லாம் திருட்டு வாத்துகள்:
ஒன்று சாவித்துளையில் கண் வைத்திருக்கிறது,
ஒன்று ரொட்டிக் கூடைக்குள் கழுத்துவரை,
ஏழாம் எண் மட்டும் கையும் களவுமாய் மாட்டிக்கொண்டு
வானத்தைப் பார்த்து விசிலடிக்கிறது.
நான்கு கும்பலுக்கும் வாத்து ஒன்றுதான்.
சட்டைதான் வேறு.
சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள்.
சட்டை என் பொறுப்பு.

முதல் வேலை கோட்டைப் பூட்டுவது.
பூட்ட மறந்த ஓர் இரவில்
ஓர் அலகை அழித்துவிட்டேன்.
இரண்டு நாள் அவன் பேசவில்லை.

கோட்டுக்கு அடியில் ஒரு லேயர்,
அதில் தட்டை நிறம்:
நிழலில்லை, ஒளியில்லை, சுவரில் அடித்த சுண்ணாம்பு.
வாளியைக் கவிழ்த்தால் தானே போய் நிரம்பும்.
கோட்டில் எங்காவது ஓட்டை இருந்தால்
வால் வழியே ஒழுகி ஆகாயமெல்லாம் சிவப்பு.
எட்டு மடங்கு பெரிதாக்கித் தேடுவேன்.
ஒரே ஒரு பிக்சல்.
எறும்பு நுழையாது,
நிறம் நுழைந்திருக்கும்.

நிழலுக்குக் கறுப்பைத் தொடமாட்டேன்.
கறுப்பு வாத்தைக் கரிமூட்டை ஆக்கிவிடும்.
மல்டிப்ளை லேயர் ஒன்று, கண்ணாடித்தாள் போல,
அதில் சிவப்பின் மடிப்புக்கு நாவற்பழம்,
மஞ்சளின் அக்குளுக்குக் கருகிய தேன்,
பச்சையின் முதுகில் மயில்கழுத்து.
கடைசியில் அலகில் ஒரு வெள்ளைப் புள்ளி.
இரண்டு வைத்தால் அது பிளாஸ்டிக் வாத்து.

திரையில் பச்சை கிளியாய்ப் பறந்தது.
அச்சகத்திலிருந்து மாதிரி வந்தபோது
அதற்குப் பசலை பூத்திருந்தது.
திரைக்கு வெளிச்சம் இருக்கிறது,
காகிதத்துக்கு மை மட்டும்தான் கதி.
கொஞ்சம் மஞ்சள் கூட்டி, கொஞ்சம் நீலம் குறைத்து,
மூன்று வாரம் தாளோடு மல்லுக்கட்டி
அதை மீட்டேன்.
மீட்டேன் என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை,
வூச் நகரில் டிராம் கம்பியெல்லாம் பனி.
தோப்ரொஸ்வாவாவின் சமையலறை மேசையில்
முதல் ஆட்டம்.
அவள் கணவன் ஸெனோன் பச்சைமேல் சிவப்பைப் போட்டான்.
திருடன், திருடன் என்று மேசை கத்தியது.
அவன் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
"ரெண்டும் அதே சேறுதானே."

இருபது வருடமாக ரொட்டி சுடுகிறவன்.
வெந்ததா என்று நிறத்தைப் பார்ப்பதில்லையாம்,
அடியில் தட்டிக் கேட்பானாம்.
கல்யாணமாகிப் பதினொரு வருடம்,
தோப்ரொஸ்வாவாவுக்கே அன்றுதான் தெரியும்.
தன் சிவப்புக் கம்பளிச் சட்டையைக் குனிந்து பார்த்து
"அப்போ இது?" என்றாள்.
அவன் டீக்குச் சர்க்கரை தேடினான்.

வீட்டுக்கு வந்து
கோட்டைக்கூடக் கழற்றாமல்
ஐம்பத்திரண்டு சீட்டையும் திரையில் பரப்பி
நிறத்தை மொத்தமாய் இறக்கிவிட்டேன்.
சாம்பல்.
நீலம் ஆழத்தில், மஞ்சள் உச்சியில்,
நடுவில் சிவப்பும் பச்சையும்
ஒரே அடுப்பின் ஒரே சாம்பல்.
நாவற்பழம் எங்கே, மயில்கழுத்து எங்கே?
ஏழாம் எண் மட்டும் விசிலடித்துக்கொண்டிருந்தது,
எனக்குத் தெரியும் என்பதுபோல.

அன்றிலிருந்து சாம்பலில்தான் தொடங்குகிறேன்.
முதலில் இருட்டு எவ்வளவு, வெளிச்சம் எவ்வளவு,
நிறம் அதற்குப் பிறகு.
சிவப்பைக் கிணற்றடிக்கு இறக்கினேன், அரக்காகும் வரை.
பச்சையை வெயிலில் தூக்கிப் போட்டேன்.
சிவப்புச் சட்டைக்குக் கட்டம், பச்சைக்குக் கோடு.
"என் வாத்துக்கு எதற்குக் கட்டம்?"
இரெனேயுஷ் ஒரு வரி அனுப்பினான்.
நான் பதிலுக்குச் சாம்பல் படத்தை அனுப்பினேன்.
விடிகாலை நான்கு மணிக்கு
கட்டத்துக்கு ஏற்றமாதிரி மடிப்பைத் திருத்தி
புதுக் கோடுகள் வந்திருந்தன.

அடுத்த ஞாயிறு
ஸெனோன் பச்சைமேல் சிவப்பைப் போட்டான்.
யாரும் கத்தவில்லை.
பாவம், என்று தோப்ரொஸ்வாவா கண்ணைக் காட்டினாள்.
எனக்குத் தொண்டை அடைத்தது,
இவ்வளவு இறக்கியும் போதவில்லையா?
ஆட்டம் அவனுக்கு.
சீட்டை அடுக்கும்போது
என் பக்கம் சாய்ந்து, மெதுவாக,
"கட்டம் நல்லா தெரியுது" என்றான்.